பழைய பார்லர் ரீட் ஆர்கனைச் சீரமைப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய பார்லர் ஆர்கன் ஒன்று கைக்கு வந்ததும் புதியவர்கள் செய்கிற முதல் வேலை, ரீடுகளை, அதாவது காற்று பட்டு அதிர்ந்து ஸ்வரம் எழுப்பும் சின்னப் பித்தளைத் துண்டுகளை, பிடுங்கித் துடைப்பது. மணிக்கணக்கில் துடைத்துத் திரும்ப மாட்டிய பிறகும் சத்தம் வராது. வந்தாலும் மூச்சு வாங்கும். ரீட் பித்தளையால் ஆனது. நூறு வருடம் கிடந்தாலும் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. அந்த ரீடுக்குக் காற்றை இழுத்துத் தருகிற துருத்தியோ ரப்பர் பூசிய துணியால் ஆனது. காற்றை அடைத்து வைக்கிற வால்வுகளில் ஒட்டியிருப்பது கம்பளி ஃபெல்ட்டும் தோலும். ரப்பர் காய்ந்து நொறுங்கும், ஃபெல்ட்டைப் பூச்சி தின்னும், தோலை எலி தின்னும். அதனால் வேலை கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் துருத்தி, பிறகு வால்வு, அதற்கும் பிறகுதான் ரீட். வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டி வரும்.

கருவியைப் புரிந்துகொள்ளுங்கள்

இங்கே பேசுவது அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 1860 முதல் 1920 வரை லட்சக்கணக்கில் செய்யப்பட்ட, காலால் மிதித்து வாசிக்கும் வீட்டு ஆர்கனைப் பற்றி. பாரிஸில் அலெக்சாந்தர் டெபெய்ன் 1842-ல் காப்புரிமை பெற்ற ஹார்மோனியம் காற்றை ரீட் வழியாக வெளியே தள்ளும். அமெரிக்க ஆர்கனில் நடப்பது நேர்மாறு: துருத்தி உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க, வெளிக்காற்று ரீட் வழியாக உள்ளே பாய்கிறது. இந்த உறிஞ்சும் துருத்திக்கு ஜெரமையா கார்ஹார்ட் 1846-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதே காலத்தில் பஃபலோ நகரில் ஜார்ஜ் பிரின்ஸின் பட்டறையில் வேலை பார்த்த எம்மன்ஸ் ஹாம்லின், ரீடின் நாக்கை லேசாக வளைத்து முறுக்கினால் கரகரப்பு போய்க் குழாய் ஆர்கனைப் போன்ற மென்மையான நாதம் வருவதைக் கண்டுபிடித்தார். அந்த வளைவை இன்றும் ஒவ்வொரு நாக்கிலும் பார்க்கலாம். கோணலாகிவிட்டது என்று நினைத்து அதை நிமிர்த்திவிடாதீர்கள். அந்தக் கருவியின் குரலே அந்த வளைவில்தான் இருக்கிறது.

ஹாம்லினும் ஹென்றி மேசனும் சேர்ந்து 1854-ல் பாஸ்டனில் தொடங்கிய மேசன் அண்ட் ஹாம்லின், வெர்மான்ட் மாநிலம் பிராட்டில்பரோவில் இருந்த எஸ்டே, சிகாகோவின் கிம்பால், கனடாவில் குவெல்ஃபின் பெல், பவுமன்வில்லின் டொமினியன் ஆகியவை அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள். எஸ்டே மட்டுமே 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ரீட் ஆர்கன்களைச் செய்தது. பிறகு நிமிர்ந்த பியானோவும் கிராமஃபோனும் மலிவாகக் கிடைக்க, ஆர்கன் வரவேற்பறையை விட்டுக் கொட்டகைக்குப் போனது. இவ்வளவு செய்யப்பட்டதால் பழையது என்ற ஒரே காரணத்துக்காகப் பெரிய விலை போகாது. விற்று லாபம் பார்க்கும் எண்ணம் இருந்தால் இந்த வேலையில் இறங்க வேண்டாம். வாசிக்க ஆசை இருந்தால் இறங்குங்கள்.

பெரும்பாலானவற்றில் 61 கட்டைகள், F-இலிருந்து F வரை ஐந்து ஸ்தாயி. முன்னால் வரிசையாக இருக்கும் ஸ்டாப் குமிழ்கள், எந்த ரீட் வரிசையின் மூடி திறக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க இழுப்பவை; அவற்றின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். 11 குமிழ் உள்ள ஆர்கனில் இரண்டே இரண்டு ரீட் வரிசைகள், அதாவது 122 ரீடுகள்தான் இருக்கலாம். ஒவ்வொரு வரிசையும் நடுவில் பிரிக்கப்பட்டிருக்கும்: இடப்பக்கம் டயபேசன், வலப்பக்கம் மெலோடியா, இன்னொரு வரிசைக்கு வியோலா, ஃப்ளூட். டல்சியானா என்பது பெரும்பாலும் தனி ரீட் வரிசையே இல்லை. டயபேசனின் மூடியைக் கொஞ்சம் மட்டும் திறப்பதுதான். ஃபோர்ட்டே சத்தத்தைக் கூட்டும் மூடி. கப்ளர் ஒரு கட்டையை அழுத்தினால் அடுத்த ஸ்தாயியின் அதே ஸ்வரத்தையும் சேர்த்து இழுக்கும். வாக்ஸ் ஹியூமானா ரீடுகளுக்கு மேலே சுற்றும் ஒரு விசிறி. எனவே கருவியை மதிப்பிடும்போது பின்பக்கத்தைத் திறந்து ரீடுகளை எண்ணுங்கள்.

பிரிப்பதற்கு முன் ஒரு மணி நேரம்

ஸ்டாப் எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டு மிதித்துப் பாருங்கள். மிதிகட்டை எந்த எதிர்ப்பும் இல்லாமல் பொத்தென்று விழுந்தால் அதைத் துருத்தியோடு இணைக்கும் பட்டை அறுந்திருக்கிறது. பட்டை நன்றாக இருந்தும் எதிர்ப்பு இல்லையென்றால் துருத்தித் துணி கிழிந்திருக்கிறது, அல்லது காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் மடல் தோல் சுருண்டிருக்கிறது. எதிர்ப்பு இருந்து, காலை எடுத்த ஐந்தாறு நொடியில் துருத்தி மறுபடி விரிந்துவிட்டால் எங்கோ கசிகிறது. நல்ல நிலையில் உள்ள துருத்தி குறைந்தது அரை நிமிடம், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்து நிற்கும். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு மீட்டர் நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை மூட்டுகளின் ஓரமாக நகர்த்துங்கள். உஸ் என்ற சத்தம் கூடும் இடம்தான் அது. நெருப்பையும் புகையையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். உள்ளே இருப்பதெல்லாம் காய்ந்த மரமும் தூசியும்.

அடுத்து ஒவ்வொரு ஸ்டாப்பாக இழுத்து 61 கட்டைகளையும் அழுத்தி, எது ஊமை, எது விடாமல் அலறுகிறது, எது சுருதி விலகியிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். துருத்தி செத்துப்போயிருந்தால் இந்தப் பரிசோதனையைப் பிறகு செய்யலாம்.

முகமூடி, கையுறை கட்டாயம். எலிப் புழுக்கையும் கூடும் உள்ளே இருக்கும். அந்தத் தூசி மூச்சில் போனால் ஆபத்தான நோய்கள் வரலாம். உலர்வாகப் பெருக்காமல் முதலில் கிருமிநாசினி தெளித்து நனைத்து, ஈரத் துணியால் அள்ளி எடுங்கள். ஆனால் அள்ளும் குப்பையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொட்டுங்கள்: ஸ்டாப் குமிழின் எழுத்து பொறித்த வட்டத் தகடும் உடைந்த கட்டையின் மேல்தகடும் எலிக்கூட்டில் கிடப்பது சாதாரணம்.

பிரிக்கும் முறை

ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள். ஸ்க்ரூக்களைக் கழற்றிய இடம் எழுதிய உறையில் தனித்தனியாகப் போடுங்கள். நீளம் மாறிப் போட்டால், கட்டைச் சட்டத்தின் நீள ஸ்க்ரூ, ரீடுகள் செருகியிருக்கும் ரீட் தட்டைத் துளைத்துவிடும்.

மேல் அலங்காரப் பகுதியை முதலில் இறக்க வேண்டும். கண்ணாடியும் தட்டுகளும் கொண்ட அந்த உயரப் பகுதி பின்னால் சில ஸ்க்ரூக்களில்தான் நிற்கும். கடைசி ஸ்க்ரூ வரும்போது ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்பலகையை எடுங்கள். முன்னால் ஸ்டாப் பலகையிலிருந்து பின்னால் போகும் கம்பிகளையும் நெம்புகளையும் கழற்றும் முன் எது எதோடு இணைந்திருக்கிறது என்று வரைந்துகொள்ளுங்கள். இந்தப் படம் இல்லாமல் திரும்பப் பூட்டுவது மிகவும் கஷ்டம். பிறகு கட்டைகள்: பெரும்பாலும் மரத்தில் எண் அச்சடித்திருக்கும், இல்லாவிட்டால் பென்சிலால் 1 முதல் 61 வரை எழுதிவிட்டு எடுங்கள்.

கட்டைகளை எடுத்தவுடன் கீழே 61 மெல்லிய மரக்குச்சிகள் துளைகளில் நிற்பது தெரியும். கட்டை இந்தத் தள்ளுகுச்சியை அழுத்த, குச்சி கீழே உள்ள வால்வைத் திறக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆனால் பட்டறையில் ஒவ்வொரு குச்சியையும் அதன் கட்டைக்கும் வால்வுக்கும் ஏற்றபடி இழைத்திருப்பார்கள். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் போதும், ஒரு கட்டை உயர்ந்து நிற்க, அடுத்தது வால்வை முழுதாக மூடவிடாமல் அலற. கெட்டியான அட்டையில் 61 துளை போட்டு எண் எழுதி, எடுக்க எடுக்க அந்தந்தத் துளையில் செருகி வையுங்கள்.

கட்டைச் சட்டம் போனதும் ரீட் தட்டு முழுவதையும் அதைத் தாங்கும் பலகையோடு சுற்றியுள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றித் தூக்கலாம். இரண்டு பேர் தேவை. கடைசியில் பெட்டிக்குள் துருத்தி மட்டும் நிற்கும்; மிதிகட்டைப் பட்டைகளை அவிழ்த்து அதையும் வெளியே எடுங்கள்.

துருத்தி: வேலையின் பாதி

நடுவில் ஒரு பெரிய பலகை. அதன் ஒரு பக்கம் பெரிய காற்றுத்தேக்கி, மறுபக்கம் மிதிகட்டைகளோடு இணைந்த இரண்டு சின்ன உறிஞ்சுதுருத்திகள். மிதிக்கும்போது உறிஞ்சுதுருத்தி விரிந்து, நடுப்பலகையின் துளைகள் வழியே தேக்கியிலிருந்து காற்றை இழுக்கும். காலைத் தூக்கும்போது வில் அதை மூட, காற்று வெளித்துளைகள் வழியே போகும். துளைகளின் மேல் கிடக்கும் தோல் மடல்கள் காற்றை ஒரு திசையில் மட்டும் விடும். தேக்கி அதிகம் சுருங்கிவிட்டால் திறந்து கொள்ளும் ஒரு பாதுகாப்பு வால்வும் உண்டு.

துணியைத் தொடும் முன் மூன்றையும் முழுதாக விரிந்த நிலையில் வைத்து, வாய் எவ்வளவு அகலம் திறக்கிறது என்று அளந்து எழுதுங்கள். புதியவர்கள் மறக்கும் அளவு இது. துணியை அகலமாக வைத்துவிட்டால் துருத்தி பெட்டிக்குள் உரசும், பட்டை தொங்கும், மிதிகட்டை பாதி தூரம் வெறுமனே போகும்.

தேக்கிக்குள் இருக்கும் வில்கள் பலமானவை. துணிதான் அவற்றை அடக்கி வைத்திருக்கிறது. தேக்கியை மூடிய நிலையில் இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே கத்தியை எடுங்கள். துணியை அறுத்ததும் கிளாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு வில்களை வெளியே எடுங்கள். எந்த வில் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து என்று குறியுங்கள்.

பழைய துணியைக் கூடியவரை ஒரே துண்டாக உரியுங்கள். அதுதான் புதியதற்கு வார்ப்பு. மடிப்புகளுக்குள் அட்டை ஒட்டியிருந்தால் அதன் அளவையும் எடுங்கள். ஒட்டியிருக்கும் மிச்சத்தை வெந்நீரில் பிழிந்த துணியைச் சில நிமிடம் போட்டு இளக்கி, மழுங்கிய சுரண்டியால் எடுங்கள். மரத்தை வெறும் மரமாகக் கொண்டுவந்தால்தான் புதுத்துணி பிடிக்கும்.

துணி வாங்கும்போது ரீட் ஆர்கன் துருத்திக்கென்றே செய்த ரப்பர் பூசிய பருத்தித் துணியைக் கேளுங்கள். பெரும்பாலான ஆர்கன்களுக்கு 2 மீட்டர் போதும் என்றாலும் வார்ப்பைத் தரையில் விரித்து அளந்துவிட்டு வாங்குங்கள். மெல்லிய துணி காற்றழுத்தத்தில் உள்ளே உறிஞ்சப்படும். நாற்காலிக்குப் போடும் வினைல் மடிப்பில் வெடிக்கும், சத்தமும் போடும். வாயில் வைத்து ஊதிப் பாருங்கள்; துணி வழியே மூச்சு போனால் அது வேண்டாம்.

பசை வச்சிரமாகத்தான் இருக்க வேண்டும், அதாவது தச்சர்கள் காய்ச்சும் தோல் பசை. கடையில் கிடைக்கும் வெள்ளை பிவிஏ பசையும், சிலிக்கோனும், துப்பாக்கியில் உருக்கி ஊற்றும் பசையும் வேண்டவே வேண்டாம். இந்தத் துணி ஒரு தலைமுறை கழித்து மறுபடி மாற்றப்பட வேண்டியது. வச்சிரத்தை வெந்நீர் இளக்கிவிடும். மற்றவை மரத்துக்குள் ஊறிக் கெட்டியாகி, அடுத்து வருபவர் மரத்தையே செதுக்கும்படி செய்துவிடும். ஒரு பங்கு வச்சிரத் துகளுக்கு எடையில் இரண்டு பங்கு குளிர்ந்த நீர் ஊற்றி, ஜெல்லி மாதிரி ஊதும் வரை ஊற வையுங்கள். பிறகு பாத்திரத்தை வெந்நீரில் வைத்துச் சுமார் 60 டிகிரி செல்சியஸில் சூடாக்குங்கள். கொதிக்க விட்டால் பிடிப்பு போய்விடும். தூரிகையிலிருந்து ஒழுகும்போது நூலாக அறாமல் இறங்கினால் பதம் சரி.

வேலை செய்யும் அறையில் குளிர்காற்று அடிக்கக் கூடாது. பூசிய வச்சிரம் ஒரு நிமிடத்துக்குள் உறைய ஆரம்பிக்கும். எனவே ஒரு தடவைக்கு ஒரு சாண் நீளம் மட்டும் பூசி, துணியை அழுத்தி, சூடான ஈரத்துணியால் தேய்த்து, அடுத்த சாணுக்குப் போங்கள். பலகைகளை அளந்து வைத்த அகலத்தில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். அகலமாகத் திறக்கும் பக்கத்தின் நடுவில் தொடங்கி இரண்டு புறமும் கீல் பக்கம் நோக்கி ஒட்டிக்கொண்டு போக வேண்டும். கீலிலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் வாயில் வந்து சேரும். மூலைகளில்தான் கசிவு பிறக்கும். அங்கே மெல்லிய தோல் துண்டை மேலே ஒட்டி மூடுங்கள். துணியை மூடும் முன் உள்ளே இருக்கும் மடல் தோல்களையும் வில்களையும் மாட்ட மறக்காதீர்கள். மறந்தால் ஒட்டியதை மறுபடி உரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மடல், துளையைத் தாண்டி எல்லாப் பக்கமும் குறைந்தது 1 சென்டிமீட்டர் படிய வேண்டும், தட்டையாகக் கிடக்க வேண்டும், ஆனால் முறுக்கி இழுத்து ஒட்டக் கூடாது; இறுக்கமான மடல் திறக்காது.

முழு நாள் காய விடுங்கள். பிறகு மேல் துளைகளை அட்டையும் டேப்பும் போட்டு அடைத்து, கையாலேயே இயக்கி நேரம் பாருங்கள். இங்கே ஒரு நிமிடம் பிடிக்காத துருத்தி பெட்டிக்குள் போன பிறகு பிடிக்கப்போவதில்லை.

வால்வும் பலகையும்

ரீட் தட்டு உட்காரும் பலகையின் கீழே 61 வால்வுகள் வரிசையாக இருக்கும்: நீள மரத்துண்டு, அதன்மேல் ஃபெல்ட், அதன்மேல் தோல், அழுத்திப் பிடிக்க ஒரு கம்பி வில். தோல் மிருதுவாக இருந்து ஃபெல்ட்டில் பூச்சி அரிக்காமல் இருந்தால் மென்மையான தூரிகையால் துடைத்தால் போதும். பத்து வால்வில் பூச்சி இருந்தால் 61-ஐயும் மாற்றுங்கள். பாதி புதியது, பாதி பழையது என்றால் கனம் வேறுபட்டுக் கட்டைகள் ஏற்ற இறக்கமாக நிற்கும். புது ஃபெல்ட்டும் தோலும் சேர்ந்து பழைய கனத்துக்கே வர வேண்டும். பூச்சி தொடாத ஒரு மூலையில் அளந்துகொள்ளுங்கள்.

பலகையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து வெடிப்பு பாருங்கள். மரத்தின் நாரோடு ஓடும் மயிரிழை வெடிப்பு போதும், பக்கத்துப் பக்கத்து ரீடுகள் சேர்ந்து முனகும். சின்ன வெடிப்பின்மேல் மெல்லிய தோலை வச்சிரத்தால் ஒட்டலாம். அகன்றதற்கு அதே வகை மரத்தில் ஆப்பு போலச் சீவிய துண்டைச் செருகி ஒட்டிச் சமமாக்குங்கள். பலகைக்கும் துருத்திப் பெட்டிக்கும் நடுவே சுற்றி ஓடும் தோல் பட்டை காய்ந்து அமுங்கியிருக்கும், அதையும் மாற்றுங்கள். துருத்தி முழுவதையும் அழகாகப் போட்டுவிட்டு இந்தப் பட்டையை விட்டுவிட்டதால் கசியும் ஆர்கன்கள் நிறைய.

ரீடுகள்

இப்போதுதான் ரீடுக்கு வருகிறோம். இதைத் திருடன் மாதிரி அவசரமாகச் செய்யக் கூடாது.

ரீடின் அடிப்பகுதியில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். நுனி வளைந்த கொக்கியை அதில் மாட்டி நேராக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் மர அறையின் காடி தளர்ந்துவிடும். வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். ஈரக் காலத்தில் மரம் ஊதிப் பிடித்திருக்கும், மரம் காய்ந்த பிறகு தானாக வரும். எடுக்கும் ரீடுகளுக்கு வரிசைக்கு 61 இடம் உள்ள, எண் எழுதிய தட்டு ஒன்றை முன்கூட்டியே செய்துவையுங்கள்.

ஒரு ரீடைக் கையில் எடுத்துப் பாருங்கள். பித்தளைச் சட்டம், அதன் நடுவே நீளமாக ஒரு வெட்டு, வெட்டின்மேல் ஒரு முனையில் ரிவெட் அடித்த நாக்கு. அடியில் ஸ்வரத்தின் எழுத்து பொறித்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நாக்கின் இரண்டு பக்கமும் தலைமுடியைவிடக் குறுகலான ஒளிக்கோடு தெரியும். அந்த இரண்டு கோடுகளும் சமமாக இருக்க வேண்டும். நாக்கு சட்டத்தைத் தொடாமல் அந்த வெட்டுக்குள் போய்ப் போய் வருவதுதான் சத்தம். ஒரு பக்கக் கோடு மறைந்திருந்தால் அங்கே தூசி அடைத்திருக்கிறது, அல்லது நாக்கு நகர்ந்து உரசுகிறது. ஊமை ரீடுகளில் மிகப் பலவற்றுக்குக் காரணம் ஒரே ஒரு பஞ்சு இழைதான்.

சுத்தம் செய்ய மென்மையான தூரிகை போதும். நாக்கின் அடியிலிருந்து, அதாவது ரிவெட் பக்கத்திலிருந்து நுனி நோக்கி மட்டும் தேயுங்கள்; எதிர்த்திசையில் இழுத்தால் நுனி மாட்டி வளைந்துவிடும். அழுக்கு ஒட்டியிருந்தால் மென்மையான சோப்பு நீரில் சிறிது நேரம் வைத்து அலசி உடனே முழுதாக உலர்த்துங்கள். பித்தளை பாலிஷ் பேஸ்ட் வேண்டாம்: அது உலோகத்தைத் தேய்த்துச் சுருதியை மாற்றும், மிச்சம் வெட்டுக்குள் போய் அடைக்கும். பளபளப்பு நாதத்துக்கு எந்த உதவியும் செய்யாது.

சுருதிக்கு வருவோம். எல்லாக் கருவியையும் இன்றைய பொதுச் சுருதியான A = 440 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். 1891-ல் அமெரிக்கப் பியானோ உற்பத்தியாளர்கள் A = 435-ஐ ஏற்றுக்கொண்டார்கள்; அதற்கு முந்தைய ஆர்கன்கள் பல அதைவிட உயர்ந்து 450-ஐத் தாண்டியும் இருக்கும். முதலில் எல்லா A ரீடுகளையும் அளந்து பாருங்கள். பெரும்பாலானவை எங்கே நிற்கின்றனவோ அதுதான் அந்தக் கருவியின் சொந்தச் சுருதி. விலகி நிற்கும் சிலதை மட்டும் அதற்குச் சேருங்கள். 122 ரீடையும் சுரண்டி 440-க்குக் கொண்டுவருவது திரும்ப வராத உலோகத்தை எடுப்பது.

நாக்கின் நுனியில் சுரண்டினால் எடை குறைந்து சுருதி ஏறும். அடியில், ரிவெட்டுக்கு அருகே சுரண்டினால் வில் மெலிந்து சுருதி இறங்கும். சுரண்டும்போது நாக்குக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தகடைச் செருகித் தாங்கல் கொடுங்கள். கோடுகள் நாக்கின் நீளவாக்கில் போக வேண்டும். குறுக்கே விழும் கீறல் பின்னாளில் வெடிப்பாகும். மேல் ஸ்தாயி ரீடுகளில் இரண்டு மூன்று இழுப்பே அதிகம். சுரண்டிய சூட்டில் சுருதி வேறாகக் காட்டும், கை வெப்பமும் அப்படியே. சில நிமிடம் ஆறவிட்டு, ரீடை அதன் சொந்த அறையில் மாட்டித்தான் அளக்க வேண்டும். மேசையில் வாயால் ஊதி அளப்பது வேறொரு எண்ணைத் தரும்.

சுத்தம் செய்த பிறகும் ஒரு ரீட் திடீரென்று அரை ஸ்வரம் அளவுக்கு இறங்கி நின்றால் சுரண்டாதீர்கள். ரிவெட்டுக்குப் பக்கத்தில் நாக்கு வெடித்திருக்கும், உருப்பெருக்கிக் கண்ணாடியில் தெரியும். அதைக் காப்பாற்ற முடியாது. கழித்துப் போட்ட இன்னொரு ஆர்கனின் அதே ஸ்வர ரீட், சட்ட அளவு பொருந்தினால், வாங்கிப் போடுங்கள். ஒரே நிறுவனத்தினுடையது என்றால் நாதமும் ஒத்துப்போகும்.

வாக்ஸ் செலஸ்ட் என்ற ஸ்டாப் இருந்தால் அந்த வரிசை வேண்டுமென்றே கொஞ்சம் விலக்கப்பட்டது. இரண்டு வரிசையும் சேரும்போது சத்தம் மெதுவாக அலையடிக்க வேண்டும். அதைத் தப்பு என்று நினைத்துச் சரிசெய்துவிட்டால் அந்த ஸ்டாப் அத்தோடு போயிற்று.

கட்டை, ஸ்டாப், விசிறி

கட்டையின் வெள்ளை மேல்தகடு பெரும்பாலும் செல்லுலாய்டு. துணியால் வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் கர்ப்பூர வாசனை வரும். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் அது, அசிட்டோனில் கரையும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள், அவ்வளவுதான். சிக்கிக்கொள்ளும் கட்டைக்கு எண்ணெய் விடாதீர்கள்; எண்ணெய் ஃபெல்ட்டை ஊதவைத்துத் தூசியைப் பிடித்துவைக்கும். வழிகாட்டும் பின்னைப் பளபளக்கத் துடைத்து, துளையின் ஃபெல்ட்டைக் கொஞ்சம் அமுக்கிவிட்டாலே ஓடும்.

ஸ்டாப் மூடிகளின் ஓரத்தில் ஒட்டிய ஃபெல்ட் அல்லது தோல் நன்றாகப் படியாவிட்டால், எல்லா ஸ்டாப்பும் உள்ளே இருக்கும்போதே கட்டையை அழுத்தினால் மெல்லிய முனகல் கேட்கும். மூடியின் வில்லையும் கீலையும் பாருங்கள். முழங்கால் நெம்புகள் இரண்டு: பொதுவாக வலது சத்தத்தைப் படிப்படியாகக் கூட்டும், இடது எல்லா வரிசைகளையும் ஒரேயடியாகத் திறக்கும்.

வாக்ஸ் ஹியூமானா விசிறியைச் சுற்றுவது துருத்தியின் உறிஞ்சலே. அதனால் விசிறி ஓடவில்லை என்றால் விசிறியைக் குறைசொல்லும் முன் துருத்தியைச் சந்தேகியுங்கள். துருத்தி நன்றாக இருந்தும் நின்றால் அச்சில் கெட்டிப்பட்ட பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டு, கடிகாரத்துக்கு விடும் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.

பெட்டி மரம்

1870, 80-களின் பெட்டிகள் பெரும்பாலும் வால்நட், அதற்குப் பிறகு ஓக் அதிகம். பூச்சை உரித்து எடுத்துப் புதிதாக அடிப்பது இந்த வேலையில் கையை அரிக்கும் ஆசை; அடக்கிக்கொள்ளுங்கள். கறுத்துப்போனது பெரும்பாலும் புகையும் மெழுகும்தான். மறைவான இடத்தில் கனிம டர்பென்டைன் தொட்ட பருத்தித் துணியால் சோதித்துவிட்டுத் துடைத்தால் அடியில் மரத்தின் நிறம் வரும். பஞ்சில் ஒரு சொட்டு ஆல்கஹால் தொட்டு ஓரத்தில் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சு. தேய்ந்த இடங்களில் புது அரக்கைப் பழையதன் மேலேயே ஏற்றலாம், அது தானாகக் கலந்துவிடும்.

திரும்பப் பூட்டும்போது

துருத்தியைப் பெட்டிக்குள் வைத்ததும் சோதியுங்கள். ரீட் பலகையை உட்கார வைத்துக் கட்டைகள் இல்லாமலே சோதியுங்கள். கட்டைகள் வந்த பிறகு மறுபடி சோதியுங்கள். ஒவ்வொரு படியிலும் நேரத்தை எழுதினால் திடீரென்று எங்கே குறைந்தது என்று உடனே தெரியும். பலகையின் ஸ்க்ரூக்களை ஒரு மூலையில் முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், தோல் பட்டை அமுங்கியதும் நிறுத்துங்கள். பழைய மரத்தில் ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றினால் துளைக்குள் வச்சிரம் தொட்ட மரச் சிம்பைச் செருகி, காய்ந்த பிறகு திரும்பப் போடுங்கள். பெரிய ஸ்க்ரூ போட்டால் மரம் பிளக்கும்.

எல்லாம் பூட்டியதும் ஒரு கட்டை விடாமல் அலறினால் பயப்பட வேண்டாம். அந்தக் கட்டையை நாலைந்து தடவை வேகமாகத் தட்டுங்கள். வால்வின் தோலில் ஒட்டிய தூசி காற்றோடு போய்விடும். போகவில்லை என்றால் தள்ளுகுச்சி துளையில் இறுகியிருக்கிறதா, குச்சி இடம் மாறியிருக்கிறதா, வில் நழுவியிருக்கிறதா என்ற வரிசையில் பாருங்கள். ஊமையாக இருந்தால் முதலில் ரீடை அதே அறையில் ஒருமுறை வெளியே இழுத்து உள்ளே தள்ளுங்கள்.

பெட்டியை மூடும் முன் துருத்திப் பலகையைப் பார்த்திருந்தால் பென்சிலில் ஒரு தேதியோ கையெழுத்தோ கண்ணில் பட்டிருக்கும். பட்டறைக்காரர்களும் பின்னால் பழுதுபார்த்தவர்களும் அப்படி எழுதுவது வழக்கம். அதை அழிக்காதீர்கள். பக்கத்திலேயே நீங்கள் மாற்றிய துணி, தோல், ரீட், ஆண்டு, கருவியின் சுருதி எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள். மிதிகட்டைக்குப் பின்னால் உள்ள திறப்பில் மெல்லிய உலோக வலையை அடியுங்கள். எலி உள்ளே போவது அந்த வழியாகத்தான். கருவியை வெயில் படும் ஜன்னலுக்கும் வெப்பக் கருவிக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள், அறையின் ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் நின்றால் பலகை வெடிக்காது. வாரத்துக்கு ஒருமுறையாவது கால் மணி நேரம் எல்லாக் கட்டைகளையும் தொட்டு வாசியுங்கள். புதுத்துணி மடிப்புக்குப் பழகும், ரீடுகளில் தூசி தங்காது.